பத்து எண்ணும் வரை

பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடியும். பன்னிரண்டு ஐந்துக்குப் பேருந்து. அதை விட்டால் அரை மணி நேரம் நிற்க வேண்டும், அதற்குள் நான் தங்கியிருக்கும் வீட்டு அக்கா லேபுக்குக் கிளம்ப முடியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். அதனால் கடைசி வகுப்பில் நான் ஒருநாளும் முழுதாக உட்கார்ந்ததில்லை. உடம்பு பெஞ்சில் இருக்கும், கால் கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். "பெஞ்சுல உனக்கு மட்டும் முள்ளு வச்சிருக்காங்களாம்மா?" என்று உளவியல் எடுக்கும் மேடம் கேட்பார். குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய பாடம். பாதிப் பாடத்தில் நான் எழுந்து ஓடுவதும் குழந்தைகளைப் பார்க்கத்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சம்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து எட்டு நிமிட நடை, அதை நான் ஐந்தாக்குவேன். பிறகு நான்கு மாடி. அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவர். அவர் குடியிருக்கும் கட்டடத்தின் லிப்ட் மட்டும் எட்டு மாதமாக ஓடவில்லை. யாராவது குத்திக் காட்டினால், "வெளியில ஏறி இறங்கிப் பொழைக்கிறேன், வீட்டுலயாவது காலு வேலை செய்யட்டும்" என்பார்.

எட்டு மாதம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்தும் எட்டு மாதம்தான். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். அதற்குப் பதில் மதியம் ஒரு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பு. அந்த அறை இருந்தால்தான் எனக்குப் படிப்பு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரில் என் அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதான். கடைசித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பெரியவனுக்கு ஆறு வயது. பள்ளி வேன் அவனைப் பன்னிரண்டே முக்காலுக்கு இறக்கிவிடும். யார் எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள், பால் பாக்கெட் எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் அவனிடம் கணக்காக இருக்கும். வீட்டில் அவனுக்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர். சின்னவள் பட்டாணி. ஒன்றே முக்கால் வயது, உருண்டை முகம், ஆறரைப் பல். அந்த அரைப் பல் என் கண் முன்னால்தான் முளைத்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் பல்லோ முதல் நடையோ, பார்த்துக்கொள்கிறவள் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும், பெற்றவர்கள் வந்து கண்டுபிடிக்கட்டும் என்று எங்கள் சபையில் பிள்ளை பார்க்கும் வேலை செய்கிற ஒரு அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்து அக்கா அந்தப் பல்லைக் கண்டுபிடித்து வீட்டையே கூட்டினார். நானும் புதிதாகப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தேன்.

பிள்ளைகளின் அம்மாவை நான் அக்கா என்று கூப்பிட்டதால் அவர்களுக்கு நான் சித்தி ஆகிவிட்டேன். பள்ளியில் இன்ஸ்பெக்டர், "எங்க வீட்டுல இப்ப சித்தி வந்திருக்காங்க, அப்பா கூட்டிட்டு வந்தாங்க" என்று சொல்லிவைக்க, வகுப்பு டீச்சர் அக்காவைத் தனியாக அழைத்து மிகுந்த இரக்கத்தோடு கையைப் பிடித்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி அண்ணன் ஒரு வாரம் சிரித்தார்.

வந்த முதல் நாளே அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எனக்கு முன்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், மேலே இருந்து ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறார், தப்புப் பண்ணினால் கண்ணைக் குத்திவிடுவார் என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருந்தாள். பையன் மூன்று மாதம் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் படுத்தானாம்.

"நீ சர்ச்சுக்குப் போ, உன் ரூம்ல என்ன வேணா படி. நான் கேக்கவே மாட்டேன். ஆனா பிள்ளைங்ககிட்ட சாமி விஷயம் வேண்டாம். எங்க சாமியும் வேண்டாம், உங்க சாமியும் வேண்டாம். பெருசானப்புறம் அதுங்களே பாத்துக்கட்டும்," என்றார். பிறகு, "சத்தியமா?" என்று கையை நீட்டினார்.

நாங்கள் சத்தியம் பண்ணுவதில்லை என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். ஆம் என்று சொன்னால் அதுவே போதும் என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஆம்னு சொல்லு."

ஆம் என்றேன்.

அந்த வார்த்தையை நான் காப்பாற்றினேன் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டாணியைத் தூங்க வைக்க எனக்குத் தெரிந்த தாலாட்டெல்லாம் ஞாயிறு பள்ளிப் பாட்டு. அதை வார்த்தையில்லாமல் மெட்டாக மட்டும் முனகினேன். தும்மினால் வாயில் வருகிற ஸ்தோத்திரத்தைக்கூட விழுங்கிக்கொண்டேன்.

பிரச்சினை ஆரம்பித்தது பட்டாணி நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியால் சோறு சாப்பிடத் தொடங்கிய பிறகு. என்னிடம் மதியம் நன்றாகச் சாப்பிடுவாள். அவள் தட்டும் என் தட்டும் பக்கத்தில் பக்கத்தில். அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். இரவு அக்கா ஊட்டினால் வாயைத் திறக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் காலையில் ஆராதனைக்குப் போனால் ஞாயிறு பள்ளி முடித்துச் சாயங்காலம்தான் வருவேன். அன்றைக்கு முழுவதும் பாலும் பிஸ்கட்டும்தான்.

நான் ஏழு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி நூலகத்துக்குப் போய்விடுவேன். அதனால் இரவுச் சண்டையை நான் பார்த்ததில்லை. சுவரில் ஒட்டிக் காய்ந்த பருக்கையை மறுநாள் துடைக்கும்போதுதான் தெரியும். முதல் மாதம் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டாம் மாதம் சிரிப்பு இல்லை. டாக்டர் எடை பார்த்து உதட்டைப் பிதுக்கி, ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தினமும் நூறு பேருக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற அக்காவுக்குத் தன் மகள் கையைப் பிடித்ததும் விரல் நடுங்கிவிட்டதாம். கூட வேலை செய்கிறவர்தான் எடுத்தார். எல்லாம் சரியாக இருப்பதாகத் தாள் வந்தது. எல்லாம் சரி என்ற அந்தத் தாளைப் பார்த்துத்தான் அக்கா முதல் முறையாக அழுதார்.

"பிள்ளைக்குப் பெத்தவ கை வேண்டாமாம்," என்றார் அண்ணனிடம், எனக்குக் கேட்கும்படி.

அந்த வாரம் அவர் முடிவெடுத்தார். ஒரு வருடம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கப் போகிறார். முழு நேரமும் தானே பார்த்தால் பிள்ளை பழகிவிடும். கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அதிகாரி ஊரிலிருந்து வந்ததும் கொடுக்க வேண்டும். என்னிடம் சொல்லும்போது முகத்தைப் பார்க்காமல் பட்டாணியின் சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மா இங்கே வந்து இருக்கப் போகிறாராம், அறை வேண்டியிருக்கும், இந்த மாதக் கடைசி வரை நான் தாராளமாக இருக்கலாம்.

தலையாட்டினேன். அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் மூன்று அடிதான் நடக்க முடியும். அதையே நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை எனக்கு மாதிரித் தேர்வு. மதியம் பட்டாணியை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர்ச் செம்பில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, படித்துக்கொண்டே கரண்டியை நீட்டினேன். உதடு ஒட்டியே இருந்தது. உருளைக்கிழங்கு மசித்த சோறு, அவளுக்கு உயிர். மறுபடி நீட்டினேன். முகத்தைத் திருப்பினாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு, கவுண்டரில் ஆள் வருவதற்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"சித்தி," என்றான் இன்ஸ்பெக்டர், வாய் நிறையச் சோற்றோடு. "நீ இன்னும் தூங்கல."

"என்ன தூங்கல?"

"தினம் தூங்குவியே. தட்டு வச்சதும். பத்து எண்ணுற வரைக்கும். அப்புறம்தானே பட்டாணி வாயைத் தொறப்பா."

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஜெபிக்காமல் ஒரு வாய் வைக்காதே, ஒட்டாது என்று சொல்லி வளர்த்தவள் என் அம்மா. தட்டு முன்னால் வந்தால் என் கண் தானாக மூடிக்கொள்ளும். வாய் அசையாது, கை கூப்ப மாட்டேன். உள்ளுக்குள் நாலு வார்த்தை, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் தேர்வு அவசரத்தில் மறந்திருந்தேன்.

"பத்துன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எண்ணுவேனே. ஒருநாள் பன்னெண்டு வந்துச்சு. அன்னிக்கு உனக்குப் பரீட்சை."

கண்ணை மூடினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. திறந்தபோது பட்டாணி குருவிக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வைத்திருந்தாள். ஆறரைப் பல்லும் தெரிந்தது.

ஞாயிறு பள்ளியில் முப்பது பிள்ளைகள். கண்ணை மூடுங்க, கண்ணை மூடுங்க என்று தொண்டை வறளச் சொல்வேன். ஒன்றாவது மூடாது, ஒன்றை ஒன்று கிள்ளிக்கொண்டிருக்கும். ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று ஒத்துக்கொண்ட வீட்டில், ஒரு வார்த்தையும் சொல்லாமலே ஒரு பிள்ளைக்குச் சோற்றுக்கு முன்னால் ஜெபத்தைப் பழக்கிவிட்டேன். அதனால் அந்தப் பிள்ளை இரண்டு மாதமாகப் பெற்ற தாயிடம் பட்டினி கிடக்கிறது.

அக்காவிடம் சொன்னால் அறை அன்றைக்கே போகும். அது மட்டுமா? மதம் மாற்ற வந்தவள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஆசிரியர் பயிற்சிக்கு எந்தப் பள்ளியில் என்னை உள்ளே விடுவார்கள்? சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் நல்ல பெயரோடு போகலாம். ஆனால் அக்கா வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து, அப்போதும் பிள்ளை வாயைத் திறக்காது.

மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். யாருக்கும் தெரியாமல் பழக்கத்தை உடைத்துவிடலாம். புதன்கிழமை மாடிப்படியிலேயே நின்று ஜெபித்துவிட்டு மேலே போனேன். மேஜையில் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கரண்டியை நீட்டினேன். பட்டாணி காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். பாட்டு, பொம்மை, ஜன்னல் காக்கா, எதுவும் பலிக்கவில்லை. இரண்டு மணிக்கு அவள் அழ ஆரம்பித்தாள். பசி அழுகை. "ஒரு நிமிஷம் தூங்கேன் சித்தி, உனக்கு என்ன?" என்று இன்ஸ்பெக்டர் கெஞ்சினான். மூன்று மணிக்குப் பாலைக் கொடுத்துத் தூங்க வைத்தேன். அவள் கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது.

அன்று மாலை அக்கா வந்ததும், மதியம் எப்படிச் சாப்பிட்டாள் என்று கேட்டார். கொஞ்சம் சாப்பிட்டாள் என்றேன். நீ ஊட்டும்போது என்னதான் செய்வாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பாட்டுப் பாடுவாயா, கதை சொல்வாயா, ஏதாவது இருக்குமே என்று திரும்பக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை அக்கா என்றேன். தன் குருவையே தெரியாது, தெரியாது என்று ஒரு சீடன் மூன்று முறை சொன்ன பிறகு கோழி கூவிய பைபிள் கதையை ஞாயிறு பள்ளியில் வருடா வருடம் நான்தான் சொல்வேன். இங்கே கோழி இல்லை. அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. நான் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வியாழக்கிழமை மதியமும் அதே கதை. இந்த முறை அரை மணி நேரம்கூட என்னால் தாங்க முடியவில்லை. கண்ணை மூடினேன், அவள் சாப்பிட்டாள். ஏழு மணிக்கு அண்ணன் வந்ததும் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் படியிறங்கினேன். இரண்டாம் மாடி வரை போனேன், மூன்றாம் மாடிக்கு ஏறினேன், மறுபடி இறங்கினேன். மூன்றாம் மாடித் தாத்தா கதவைத் திறந்து எதையாவது தொலைத்துவிட்டாயா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அதற்குள் கீழே அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து நின்றபோது சொன்னேன். நேராகச் சொல்ல வரவில்லை. தட்டு, கண், பத்து, இன்ஸ்பெக்டர் எண்ணினது, நேற்று பட்டினி போட்டது, எல்லாம் தலைகீழாக வந்தது.

"ஆம்னு சொன்னியே," என்றார் அக்கா.

"ஆமாக்கா. ஒரு வார்த்தை பேசல. ஆனா செஞ்சிட்டேன்."

"நேத்து கேட்டேனே. மூஞ்சியைப் பாத்துக் கேட்டேனே."

அவர் என்னைக் கடந்து ஏறிப் போனார். மூன்று படி ஏறியவர் திரும்பாமலே, "மேல வா," என்றார்.

அண்ணன் மேஜையில் பட்டாணியை உட்கார வைத்து, கரண்டியை லிப்டாக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடி ஏற்றிக்கொண்டிருந்தார். லிப்ட் வழக்கம்போல வாசலில் நின்றுவிட்டது. அக்கா கைகூடக் கழுவாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எப்போதும் செய்வதை அப்படியே செய்யச் சொன்னார். என்னால் முடியாது என்றேன். "செய். நான் பாக்கணும்," என்றார்.

மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் கண்ணை மூடினேன். வாழ்க்கையில் அவ்வளவு மோசமான ஜெபம் நான் பண்ணியதில்லை. திறந்தபோது பட்டாணி வாயைத் திறந்திருந்தாள். அண்ணன் மெதுவாக, "அடப்பாவி, இதுக்கா ரத்தமெல்லாம் எடுத்தோம்," என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் அடங்கிவிட்டார்.

"உள்ள என்ன சொல்லுவே?" என்று என்னிடம் கேட்டார்.

சோற்றுக்கு நன்றி சொல்வேன் என்றேன். அம்மாவின் முழங்கால் வலி, என் தேர்வு, பட்டாணிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், இன்ஸ்பெக்டர் சறுக்குமரத்தில் விழாமல் இருக்க வேண்டும் என்பது. இவ்வளவுதான் பத்துக்குள் அடங்கும்.

"யாரு கண்ணையாவது குத்தச் சொல்லுவியா?"

"ஐயோ, இல்லக்கா."

"என் பேரு வருமா?"

பொய் சொல்லி அலுத்துவிட்டது. "இல்லக்கா. இதுவரைக்கும் வந்ததில்ல."

அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது. அக்கா என் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். இரண்டு மாதமாக அவர் எப்படி ஊட்டியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன வாயையே, ஊசி ஏற்றும்போது நரம்பைத் தேடுகிற மாதிரி உற்றுப் பார்த்தார். பட்டாணியும் அம்மாவின் கண்ணையே பார்த்தாள். உதடு ஒட்டியிருந்தது.

"நான் சாமி கும்பிடப் போறதில்ல," என்று அக்கா பொதுவாகச் சொன்னார். பிறகு கண்ணை மூடினார்.

இன்ஸ்பெக்டர் எண்ண ஆரம்பித்தான். ஐந்தில் அக்காவின் நெற்றிச் சுருக்கம் மறைந்தது. எட்டில் தோள் இறங்கியது. பத்தில் பட்டாணி வாயைத் திறந்தாள். அக்கா கண்ணைத் திறக்கவில்லை. பதினைந்து, பதினாறு என்று போய்க்கொண்டிருந்தது. பட்டாணி பொறுமையிழந்து கையால் தட்டைத் தட்டினாள். இருபத்து மூன்றில் அக்கா கண்ணைத் திறந்தார்.

"காலையில இருந்து இப்பதான் உக்காந்தேன்," என்றார். "அப்படியே தூக்கம் வந்துடுச்சு."

பட்டாணி பதினொரு வாய் சாப்பிட்டாள். அதையும் இன்ஸ்பெக்டர்தான் எண்ணினான்.

நான் நூலகத்துக்குப் போகவில்லை. அறையில் பெட்டியை வெளியே இழுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கதவைத் தட்டிவிட்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார். கடிதத்தை நாளைக்குக் கொடுக்கப் போவதில்லை என்றார். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், செய்ததை விட மறைத்ததுதான் தனக்கு வலிக்கிறது, நேற்று பிள்ளை பசியில் அழுதது இன்னும் வலிக்கிறது என்றார். நான் அழுதுகொண்டே கேட்டேன்.

"வாயால ஒண்ணும் சொல்லக் கூடாது, சொல்லியும் தரக் கூடாது. அது அப்படியேதான். உள்ள நடக்கிறது உன் பாடு," என்றார். வாசல் வரை போனவர் நின்றார். "பரீட்சை முடியிற வரைக்கும் இரு. அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்ன பார்ப்பார் என்று அவர் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், ஆனால் முழுதாகத் தள்ளவில்லை. மூலை வெளியே தெரிகிற மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐந்து பேருந்தைப் பிடித்தேன். அக்கா வாசலில் செருப்போடு நின்றார், பட்டாணியை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு இறங்கினார். மேஜையில் மூன்று தட்டு வைத்தேன். கண்ணை மூடினேன். சோறு, அம்மா முழங்கால், தேர்வு, பல், சறுக்குமரம். பிறகு புதிதாக ஒரு பெயர்.

திறந்தபோது பட்டாணி கரண்டியைத் தானே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணு," என்றான் இன்ஸ்பெக்டர். "இன்னிக்கு உனக்குப் பரீட்சையா சித்தி?"

"இல்லடா," என்றேன். "சாப்பிடு."